நாயின் கல்வியும் நாள்குறிப்பும்

நாயைப் பழக்குவது எளிதன்று என்பதை நாய் வளர்ப்போர் யாவரும் அறிவர். ஆனால், நாய் எவ்வளவு பழகியிருக்கிறது என்பதை அறிவது அதனினும் கடினம் என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். நேற்று நம் சொல்லுக்கு அடங்கிய நாய் இன்று அடங்காதபோது, 'இதற்கு ஒன்றுமே ஏறவில்லை' என்று சலித்துக்கொள்கிறோம். நாளை ஒருமுறை அடங்கிவிட்டால், 'எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டது' என்று மகிழ்கிறோம். இவ்விரு முடிவுகளும் அன்றைய நம் மனநிலையைக் காட்டுவனவே அன்றி, நாயின் கல்வியைக் காட்டுவன அல்ல. அக்கல்வியை அளந்தறியும் எளிய வழி ஒன்று உண்டு. அதற்கு வேண்டுவன ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் சிறிது பொறுமையும் ஆகும்.

திருவனந்தபுரத்து வலியசாலையில் என் குடும்பம் வாழ்கின்றது. மாமன்னன் இராசராச சோழனின் கல்வெட்டுகளில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அச்சாலை மாணவர்கள் தங்கிப் பயின்ற கல்விக்கூடம் என்பதும் அவர்தம் கருத்து. இன்று இங்கே எஞ்சியிருப்பவை மகாதேவர் கோயிலும், அதனைச் சூழ்ந்த தெருக்களும், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிவரும் குடும்பங்களுமே. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. வாசற்படி இறங்கினால் தெரு. சற்றே நடந்தால் சாலைக் கடைத்தெருவின் நெரிசல். இத்தகைய இடத்தில் நாய் வளர்ப்பவன், தன் வீட்டுக்கு மட்டுமன்றித் தெருவுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

சென்ற ஆண்டு சித்திரை விஷுவை ஒட்டி, இரண்டு மாதக் குட்டி ஒன்றை என் மகள் தெருவிலிருந்து எடுத்து வந்தாள். சாதி நாயன்று, நம் நாட்டு நாய். மணி என்று பெயரிட்டோம். ஆடி மாதத்தில், மணிக்கு ஐந்து மாதம் நிரம்பியிருந்தபோது, என் தாயார் அதன் கழுத்துவாரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எதிர்த் திண்ணையில் ஒரு பூனை தாவிற்று. மணி பாய்ந்தது. அம்மா படியிலே விழுந்தார். மணிக்கட்டு எலும்பு விரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றிரவே சென்னையிலிருந்து என் தம்பி தொலைபேசியில், "அண்ணா, நாயை யாருக்காவது கொடுத்துடு, அம்மாவைவிட நாய் பெரிசா?" என்று கேட்டான். என் மனைவியும் அதையே சொன்னாள். மகள் அன்று சாப்பிடவில்லை. இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தைப்பொங்கல் வரை தவணை. அதற்குள், வாசற்கதவு திறந்திருக்கையில், அம்மா ஒருமுறை 'நில்' என்று சொன்னால் மணி படியைத் தாண்டாமல் நிற்கவேண்டும். பத்து முறையில் ஒன்பது முறையேனும் இவ்வாறு நிற்கவேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் இது நிகழவேண்டும். இல்லையேல் மணிக்கு வேறு வீடு பார்க்கவேண்டும். இவ்வளவு தெளிவாக நிபந்தனையை வகுத்தவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் தாயாரே. 'நல்ல நாயாகிவிட்டால் வைத்துக்கொள்ளலாம்' என்று பொதுப்படச் சொல்லியிருந்தால் பொங்கலன்று மீண்டும் வழக்குத்தான் மூண்டிருக்கும். எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது இக்கலையின் முதற்பாடம்.

விலங்கின் கல்வியை அளப்பது புதிய எண்ணமன்று. ரஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லோவ் நாய்களின் உமிழ்நீரைத் துளித்துளியாக அளந்தே, உணவுக்கு முன் வரும் குறிப்பு எவ்வாறு அவற்றின் உடலில் பதிகின்றது என்பதைக் கண்டறிந்தார். அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பூனைகளையும் நாய்களையும் கூண்டிலிட்டு, அவை தாமே தாழ் நீக்கி வெளிவர எத்தனை விநாடி ஆகின்றது என்பதை ஒவ்வொரு முறையும் குறித்துக் கோடாக வரைந்து காட்டினார். முதலில் நெடுநேரம் ஆகும். பின்னர் நேரம் குறையும். இடையிடையே மீண்டும் கூடும். கற்றல் என்பது ஏணிப்படி போல் ஒரே சீராக உயர்வதன்று என்பதை அக்கோடுகள் உலகுக்கு உணர்த்தின. விரும்பத்தக்க பயனைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்ற விதியையும் அவர் வகுத்தார். இன்றைய நாய்ப் பயிற்சி முழுவதற்கும் அடிப்படை அவ்விதியே.

எங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். ஒரு பக்கத்தில் எட்டுக் கட்டங்கள் கோடிட்டோம்: நாள், இடம், சொன்ன சொல், சொன்னவர், முயற்சிகளின் எண்ணிக்கை, வெற்றிகளின் எண்ணிக்கை, இடையூறு, நாயின் நிலை. இவற்றுள் 'வெற்றி' என்பதற்கு நாங்கள் வைத்த இலக்கணம் இது: சொல்லை ஒருமுறை மட்டுமே சொல்லவேண்டும், கையால் தொடவோ கழுத்துவாரை இழுக்கவோ கூடாது, மூன்று விநாடிக்குள் நாய் அச்செயலைச் செய்யவேண்டும். இந்த இலக்கணம் இல்லாதபோது என் மகள் கணக்கில் 10க்கு 9 என இருந்தது, என் மனைவி கணக்கில் 10க்கு 5 என இருந்தது. மகள் 'உட்கார், உட்கார், உட்கார்' என்று மூன்றுமுறை சொன்ன பின் அமர்ந்ததையும் வெற்றியாக எழுதியிருந்தாள். உரைகல் ஒன்றாக இல்லாவிடில் பொன்னின் மாற்றும் ஆளுக்கொன்றாகத்தான் தோன்றும்.

மூன்று வாரம் கழிந்தபின் அந்நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'சொன்னவர்' என்ற கட்டம் ஒரு வியப்பைக் காட்டிற்று. 'வா' என்ற சொல்லுக்கு யார் அழைத்தாலும் மணி வந்தது. ஆனால் 'இரு' என்ற சொல்லுக்கு என்னிடம் 10க்கு 3 முறைதான் வெற்றி. எஞ்சிய முறைகளில் மணி ஓடவில்லை. பின்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு, எழுந்து என்னிடம் உணவு கேட்டு வந்தது. காரணம் யாதெனச் சில நாள் விளங்கவில்லை. பகலெல்லாம் ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் பெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு, என் வீட்டுக்குள் நிகழ்ந்த மொழிக்குழப்பம் கண்ணில் படவில்லை.

நடந்தது இதுதான். காலையில் வேலைக்கு உதவ வரும் மலையாள அம்மையார் மணியிடம் மிகுந்த அன்புடையவர். "மோனே, இரி" என்று சொல்லி அதனை உட்காரவைத்துப் பிஸ்கோத்து தருவார். மலையாளத்தில் 'இரி' என்றால் உட்கார். நானோ தமிழில் 'இரு' என்றேன்; அசையாமல் காத்திரு என்பது என் கருத்து. ஒரே தாயின் வயிற்றில் பிறந்த இரண்டு சொற்கள், ஒலியில் நெருங்கி நின்று பொருளில் பிரிந்துவிட்டன. நாய் எந்த மொழியின் அகராதியையும் அறியாது. ஓர் ஒலிக்கு ஒரு செயல், அச்செயலுக்கு ஒரு பயன் என்பதே அதற்குத் தெரிந்த இலக்கணம். மணி என் சொல்லை மீறவில்லை, மலையாளத்துக்குக் கீழ்ப்படிந்தது!

குறை தெரிந்துவிட்டால் மருந்து எளிது. இரு மொழியிலும் ஒலியும் பொருளும் ஒத்த சொற்களைத் தேர்ந்தோம். வா, நில், கிட, விடு என்னும் நான்கும் தமிழருக்கும் மலையாளிக்கும் பொதுச் செல்வம். உட்காருவதற்கு மட்டும் தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொண்டு, அந்த அம்மையாரிடம் வேண்டிக்கொண்டோம். அவர் சிரித்துக்கொண்டே "உட்கார்" என்று பழகிக்கொண்டார். 'இரு' என்ற சொல்லை வீட்டில் மணியின் காதுபட யாரும் கட்டளையாகச் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். ஐந்து சொற்களையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினோம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது தனியே சொல்லத் தக்கது. நம் வீடுகளில் இரண்டு மூன்று மொழிகள் புழங்குகின்றன. தாத்தா தமிழில் அழைப்பார். பேரன் ஆங்கிலத்தில் ஆணையிடுவான். காவற்காரர் இந்தியில் அதட்டுவார். பெங்களூரில் வாழ்வோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். கன்னடத்தில் 'விட்டுவிடு' என்பதற்குரிய சொல், நம் 'பிடி' என்னும் சொல்லுக்கு ஒலியில் மிக அருகில் நிற்கின்றது. பந்தை விடச் சொல்கிறோமா, பிடிக்கச் சொல்கிறோமா என்று நாய் திகைப்பது இயல்பே. எந்த மொழியாயினும் தவறில்லை. ஒரு செயலுக்கு வீடு முழுவதும் ஒரே சொல் என்பதே விதி. நாய் கற்கவில்லை என்று குறைகூறுமுன், நாம் ஒருமித்துக் கற்பித்தோமா என்பதைப் 'சொன்னவர்' என்ற கட்டத்தைப் பார்த்து அறியலாம்.

இனிப் பாடத்தை உயர்த்தும் முறை. கீழ்ப்படிதலைக் கடினமாக்குவன மூன்று: தொலைவு, நேரம், இடையூறு. நாய்க்கு ஓரடி தூரத்தில் நின்று 'நில்' என்பது ஒன்று. பத்தடிக்கு அப்பால் நின்று சொல்வது வேறு. இரண்டு விநாடி நிற்பது ஒன்று. ஒரு நிமிடம் நிற்பது வேறு. ஓசையற்ற கூடத்தில் நிற்பது ஒன்று. தெருவில் மீன்காரரின் கூவல் கேட்கும்போது நிற்பது வேறு. இம்மூன்றில் ஒரு சமயம் ஒன்றை மட்டுமே கூட்டவேண்டும். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் சற்றுக் குறைத்தல் நலம். நோட்டில் 10க்கு 8 அல்லது அதற்கு மேல் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் ஒரு படி ஏறலாம். 5 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் ஒரு படி இறங்கிவிடவேண்டும். இடையில் நின்றால் அதே படியில் தொடரவேண்டும். இறங்குவது தோல்வியன்று, நாய் வெல்லக்கூடிய இடத்தில் மீண்டும் தொடங்குவதே அது.

இடம் மாறினால் பாடமும் புதிதாகும் என்பதை மறத்தலாகாது. கூடத்தில் 10க்கு 10 எடுத்த மணி, திண்ணையில் 10க்கு 4 தான் எடுத்தது. மனிதர் 'உட்கார்' என்ற சொல்லின் பொருளைக் கற்கிறார். நாயோ அந்த அறை, அந்தப் பாய், எதிரே நிற்கும் ஆள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே கற்கிறது. ஆதலால் ஒவ்வோர் இடத்துக்கும் தனிக்கணக்கு வைத்தோம்: கூடம், முற்றம், திண்ணை, தெரு.

வாசற்படியில் நிற்கப் பழக்கிய முறையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மணிக்கு நீண்ட கயிறு கட்டி ஒருவர் பிடித்துக்கொள்வோம். இது விபத்தைத் தடுப்பதற்கே, இழுப்பதற்கன்று. 'நில்' என்று சொல்லிக் கதவை ஒரு விரற்கடை திறப்போம். மணி நின்றால் உடனே ஒரு சிறு தின்பண்டம். முன்னே பாய்ந்தால் ஏச்சும் இல்லை, அடியும் இல்லை. கதவு மெல்ல மூடிக்கொள்ளும். கதவு திறக்கவேண்டுமானால் தான் நிற்கவேண்டும் என்பதை நாயே கண்டுபிடித்துக்கொள்கிறது. பின்னர்க் கால்பங்கு, அரைப்பங்கு, முழுக்கதவு. அதன்பின் தெருவில் ஒருவர் நடந்துபோவது. அதன்பின் ஒரு பந்து உருண்டோடுவது. தின்பண்டம் கடலையளவு போதும். எங்கள் வீட்டில் பன்னீரும் வேகவைத்த கேரட்டும் கொடுத்தோம். திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும், அவற்றைத் தவிர்க்கவேண்டும்.

ஒரு நாளில் எவ்வளவு நேரம் பழக்குவது? ஆர்வமிகுதியால் மணிக்கணக்கில் பழக்குவோர் உளர். டென்மார்க் நாட்டில் 44 பீகிள் இன நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. நாள்தோறும் பழக்கப்பட்ட நாய்களைவிட, வாரத்தில் ஓரிரு முறை பழக்கப்பட்ட நாய்கள் குறைந்த பாடங்களிலேயே கற்றன. தொடர்ந்து மூன்று பாடங்கள் நடத்தியதைவிட ஒரே பாடத்தோடு நிறுத்தியது பயன் தந்தது. கற்றபின் நான்கு வாரம் கழித்தும் அவை மறக்கவில்லை. எங்களுக்குத் தவணை இருந்ததால் வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் பழக்கினோம். நாளின் முதல் முயற்சியை மட்டும் சிவப்புப் பென்சிலால் குறித்தோம். கையில் தின்பண்டம் காட்டாமல், முன்னறிவிப்பின்றிச் சொல்லும் அம்முதற் சொல்லுக்கு நாய் என்ன செய்கின்றதோ, அதுவே அதன் உண்மையான கல்வி. பத்தாவது முறை வருவது பெரும்பாலும் அன்றைய பழக்கத்தின் சூடு.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. அமெரிக்க நாட்டில் 1933இல் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் அம்மையார், தம் பூடில் இன நாய்கள் அழகுக்கு மட்டுமல்ல, அறிவுக்கும் உரியவை என்று காட்டக் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். 1936இல் அந்நாட்டு நாய்வளர்ப்போர் சங்கம் அதற்கு முறையான விதிகளை ஏற்றது. அவ்வகைப் போட்டியில் மொத்தம் 200 மதிப்பெண். தேறுவதற்கு 170 வேண்டும். ஆயினும் 170 எடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்திருக்கவேண்டும். இந்த விதியில் ஆழ்ந்த உலக அறிவு இருக்கின்றது. உட்காருவதில் நூற்றுக்கு நூறு எடுத்து, அழைத்தால் வாராத நாய் பழகிய நாயாகாது. தெருவில் அதன் உயிரைக் காப்பது 'வா' என்ற ஒரு சொல்லுக்கு அது காட்டும் மதிப்பே.

கடைசிக் கட்டமாகிய 'நாயின் நிலை' என்பதைப் பலர் விட்டுவிடுவர். அது பிழை. காது பின்னே ஒடுங்குதல், வால் கால்களுக்கிடையே நுழைதல், உணவின்றியே உதட்டை நக்குதல், தூக்கமின்றியே கொட்டாவி விடுதல் ஆகியவை அச்சத்தின் அல்லது மனநெருக்கடியின் அடையாளங்கள். போர்ச்சுகல் நாட்டில் 92 நாய்களைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், கடிந்தும் துன்புறுத்தியும் பழக்கும் பள்ளிகளில் பயின்ற நாய்களிடம் இவ்வடையாளங்கள் மிகுதியாகக் காணப்பட்டன. உமிழ்நீரில் மனநெருக்கடியைக் காட்டும் சுரப்பும் பயிற்சிக்குப்பின் கூடியிருந்தது. எனவே, வெற்றிக் கட்டத்தில் எண் ஏறும்போது நிலைக் கட்டத்தில் 'அச்சம்' என்று எழுத நேர்ந்தால், அந்த ஏற்றம் வேண்டத்தக்கதன்று. விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1960இல் இயற்றப்பட்டது. அதற்காக மாநிலங்களவையில் முன்னின்று வாதாடியவர், நாம் நாட்டியக் கலையோடு சேர்த்து நினைவுகூரும் ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களே.

புரட்டாசி முடிவில் மணியின் கணக்கு மகிழ்ச்சி தருவதாக இருந்தது. திண்ணையில் 'நில்' என்பதற்கு என்னிடம் 10க்கு 8. அம்மாவின் கட்டும் அவிழ்ந்திருந்தது. ஐப்பசி பிறந்தது, எல்லாம் தலைகீழாயிற்று. 8 என்பது 6 ஆகி, 4 ஆயிற்று. அழைத்தால் திரும்பிப் பார்த்துவிட்டு வேறுபக்கம் நடந்தது. துலாவர்ஷத்தின் இடிமுழக்கமே காரணம் என முதலில் கருதினேன். ஆனால் இடையூறுக் கட்டத்தில் 'இடி' என்று எழுதாத நாட்களிலும் எண் தாழ்ந்தே இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, நாட்காட்டியைப் பார்த்தாள்.

நோட்டை மீண்டும் புரட்டினேன். காலையில் ஒரு மணி நேரமே வந்துபோகும் அந்த அம்மையாரின் கணக்கில் மட்டும் எண் குறையவில்லை. 7, 8 என்றே இருந்தது. அப்படியானால் மணி பாடத்தை மறக்கவில்லை. எங்கள் சொல்லைத்தான் தட்டிக் கழித்தது. இங்கிலாந்து நாட்டில் நியூகாசில் பல்கலைக்கழகத்து அறிஞர் லூசி ஆஷர் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகள், ஐந்து மாதத்தில் இருந்ததைவிட எட்டு மாதத்தில் தம்மை வளர்த்தவரின் சொல்லை மீறின. அந்நியர் சொன்னால் அவ்வாறு மீறவில்லை. நம் பிள்ளைகளின் விடலைப் பருவத்தைப் போன்றதே இது, காலப்போக்கில் தணிவது. மணிக்கு அப்போது எட்டு மாதம். ஒரே ஒரு நாயைக் கொண்டு ஓர் ஆய்வை மெய்ப்பித்துவிட முடியாது. ஆயினும், காரணம் இதுவாக இருக்கலாம் என்ற எண்ணம், சினத்தைத் தணித்துப் பழைய படிக்கு இறங்கிப் பொறுமையோடு தொடரும் மனத்தை எங்களுக்குத் தந்தது. நாய்கள் பல வேறு வீட்டுக்கு அனுப்பப்படுவதும் தெருவில் விடப்படுவதும் இந்தப் பருவத்தில்தான் என்பதை எண்ணும்போது, அந்நோட்டின் அருமை நன்கு விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்து முயற்சிகளில் 7க்கும் 8க்கும் உள்ள வேறுபாடு பெரிதன்று; அது தற்செயலாகவும் நேரலாம். ஒரு நாள் கணக்கைக் கொண்டு துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். ஒரு வாரத்து ஐம்பது முயற்சிகளைக் கூட்டிப் பார்க்கவேண்டும். என் மகள் தன் பள்ளிக்கூடத்துக் கட்டத்தாளில் வாரத்துக்கு ஒரு புள்ளியாக வைத்துக் கோடு வரைந்தாள். நாள் கணக்கில் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது, வாரக் கணக்கில் ஒரு வழியாகத் தெரிந்தது. கார்த்திகையில் கோடு நிலைத்தது. மார்கழியில் ஏறத் தொடங்கிற்று.

மார்கழியில் அம்மாவின் பாடங்கள் தொடங்கின. நாளுக்கு இரண்டு முறை, வாரத்துக்குப் பத்து. பொங்கலுக்கு முந்திய இரண்டு வாரங்களின் கணக்கு இது: முதல் வாரம் 10க்கு 9; மறுவாரம் 10க்கு 8. நிபந்தனை நிறைவேறவில்லை! நோட்டில் எண்ணைத் திருத்துவதற்கு என் கை துடித்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அவ்வாறு திருத்தியிருந்தால் அதுவரை எழுதிய அத்தனை பக்கங்களும் பொய்யாகியிருக்கும். நமக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் நம்பப்படும் கணக்கு, கணக்காகாது. பொங்கலன்று நோட்டை அம்மாவிடம் அப்படியே கொடுத்தேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆடி மாதத்துப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். "ஒரு மார்க் குறைஞ்சதுன்னு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்புவாளோ? முதல் பக்கத்திலே பூஜ்யம் வாங்கியிருக்கு, கடைசியிலே எட்டு. இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்" என்றார். என் மனைவி அந்தக் கட்டத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். அவள் ஏற்றது மகளின் கண்ணீரை அன்று, மகள் வரைந்த கோட்டையே. மாசி மாதத்தில் தொடர்ந்து இரண்டு வாரம் 9 வந்தது. சென்னையில் இருக்கும் தம்பிக்கு அப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினோம்.

நேயர்களே, நோட்டில் எழுத முடியாத ஒன்றையும் சொல்லவேண்டும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பை மூடிற்று. 70 உயிர்கள் மாண்டன. சில நாட்களுக்குப் பின், அக்குடியிருப்பில் வளர்ந்த குவி என்னும் நாய், தன்னோடு விளையாடிய குழந்தையின் உடல் ஆற்றில் கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது. யாரும் அதற்குப் பயிற்சி தந்ததில்லை. பின்னர்க் காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவினர் குவியை எடுத்துச் சென்று பராமரித்து, இறுதியில் அக்குழந்தையின் குடும்பத்தில் எஞ்சியோரிடமே திரும்ப ஒப்படைத்தனர். மீரட்டில் உள்ள படைத்துறைப் பயிற்சி நிலையத்திலும், திருச்சூரை அடுத்த இராமவர்மபுரத்தில் உள்ள கேரளக் காவல்துறைப் பயிற்சிப் பள்ளியிலும் நாய்களுக்குத் தரப்படும் கல்வி பெரிது. அக்கல்விக்கெல்லாம் அடியில் நிற்பது, குவியிடம் நாம் கண்ட பற்று. நோட்டு அந்தப் பற்றை அளக்காது. அது வீணாகாமல் காப்பதற்கு வேண்டிய ஒழுங்கை மட்டுமே அளக்கும்.

இப்போது மணிக்கு ஒரு வயது கடந்துவிட்டது. நாளும் எழுதுவதை நிறுத்திவிட்டோம். மாதம் ஒருமுறை மட்டும் ஐந்து சொற்களையும் சோதித்து எழுதுகிறோம். கற்றது தேயாமல் இருக்க அவ்வளவு போதும். மாலையில் அம்மா கோயிலுக்குப் புறப்படும்போது கதவைத் திறந்துவைத்து, "நில்" என்கிறார். மணி படிக்கு உள்ளே நிற்கிறது. எதிர்த் திண்ணையில் அதே பூனை உட்கார்ந்திருக்கிறது. அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவை அடைந்து, திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிறார். அதுவரை மணி அசைவதில்லை.